கேட்டோ

அமெரிக்க வானொலித் தொடரான ‘தி கிரீன் ஹார்னெட்’டில் நாயகனின் காரோட்டியாகவும் பணியாளாகவும் அறிமுகமாகி, பின்னர் திரையரங்கு, காமிக்ஸ், தொலைக்காட்சி என்று இடம்பெயர்ந்த துணைப் பாத்திரம். நாயகன் பிரிட் ரீட் பகலில் ‘டெய்லி சென்டினல்’ நாளிதழை நடத்துபவர். இரவில் முகமூடி அணிந்து, தானும் ஒரு குற்றவாளி என்று நம்பவைத்துக் குற்றவாளிகளைச் சிக்கவைப்பவர். இந்த இரகசியம் அறிந்த வெகுசிலருள் ஒருவர் கேட்டோ.

தொடர் 1936 ஜனவரி 31 அன்று டெட்ராய்ட் நகரின் டபிள்யூஎக்ஸ்ஒய்இசட் நிலையத்தில் தொடங்கியது. ஜார்ஜ் டிரெண்டில், எழுத்தாளர் ஃபிரான் ஸ்டிரைக்கர் இருவரின் படைப்பாக இது வழங்கப்படுகிறது. இயக்குநர் ஜேம்ஸ் ஜுவெல்லின் பங்கு எவ்வளவு என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. வானொலியில் கேட்டோவுக்குப் பேச்சு குறைவு. ‘பிளாக் பியூட்டி’ என்ற காரை ஓட்டுவதே முதன்மை வேலை.

கேட்டோ எந்த நாட்டவர் என்பது நெடுநாள் வழக்கு. தொடக்கத்தில் ஜப்பானியர், பின்னாளில் பிலிப்பினோ. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும் ஒரே இரவில் நாடு மாற்றப்பட்டது என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் தாக்குதலுக்கு முந்தைய ஒலிபரப்புகளிலேயே பிலிப்பினோ என்ற குறிப்பு வந்துவிட்டதாகக் கூறுவோர் உண்டு. 1940இல் யூனிவர்சல் வெளியிட்ட திரைத்தொடரோ அவரைக் கொரியராக்கியது. அதில் நடித்த கீ லூக் சீனாவில் பிறந்தவர். ஆகவே ‘ஒரே இரவு’க் கதையை அப்படியே ஏற்பது கடினம்.

அதே 1940இல் காமிக்ஸ் இதழும் வந்தது. 1952இல் வானொலித் தொடர் நின்றது.

கேட்டோவைப் பற்றி இன்று எழுதப்படுவதில் பெரும்பகுதி ஏபிசி தொலைக்காட்சியில் 1966 செப்டம்பர் முதல் 1967 மார்ச் வரை ஓடிய 26 அத்தியாயங்களைச் சுற்றியே அமைகிறது. காரணம் அதில் கேட்டோவாக நடித்த புரூஸ் லீ. 1964இல் லாங் பீச் கராத்தே போட்டி மேடையில் அவர் காட்டிய வித்தையைக் கண்ட சிகையலங்காரக் கலைஞர் ஜே செப்ரிங், தயாரிப்பாளர் வில்லியம் டோசியரிடம் அவரைப் பற்றிச் சொன்னார். கறுப்பு உடை, ஓட்டுநர் தொப்பி, கண்ணை மறைக்கும் முகமூடி, சட்டைக் கைக்குள்ளிருந்து பாயும் சிற்றம்புகள் ஆகியவை பாத்திரத்தின் நிலையான அடையாளங்களாயின. லீயின் கை வீச்சு படச்சுருளில் மங்கலாகவே பதிந்ததால் வேகத்தைக் குறைக்கச் சொன்னார்கள் என்பர். ரீடாக நடித்தவர் வான் வில்லியம்ஸ். கார் 1966ஆம் ஆண்டின் கிரைஸ்லர் இம்பீரியல். டீன் ஜெஃப்ரிஸ் அதை மாற்றியமைத்தார். கொட்டகையின் தரை அப்படியே புரள, அடியில் தலைகீழாகத் தொங்கிய கார் மேலே வரும். வெளியே முத்தமிடும் இணையரின் மிட்டாய் விளம்பரப் பலகை இரண்டாகப் பிளந்து வழிவிடும். கதையை மறந்தவர்களுக்கும் அந்தப் பலகை நினைவிருக்கும்.

1967 மார்ச்சில் ‘பேட்மேன்’ தொடரின் இரு அத்தியாயங்களில் ரீடும் கேட்டோவும் விருந்தாளிகளாக வந்தனர். அங்கே கேட்டோவும் ராபினும் மோதிய சண்டை வெற்றி தோல்வியின்றி முடிந்தது. ராபினிடம் தோற்க லீ மறுத்தார் என்பது பலர் சொல்லும் செய்தி. விவரங்கள் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. அமெரிக்காவில் ஒரே பருவத்தோடு நின்ற தொடர், ஹாங்காங்கில் ‘கேட்டோ ஷோ’ என்றே அழைக்கப்பட்டது. லீ அங்கே 1971இல் நாயகனானார். அவர் 1973இல் மறைந்த பின், பழைய அத்தியாயங்களை ஒட்டிச் சேர்த்துத் திரைப்படமாகவும் ஓட்டினார்கள்.

பிந்தைய வடிவங்களில் அந்த முகமூடியே முந்திக்கொண்டது. ஜெட் லீ நடித்த ‘பிளாக் மாஸ்க்’ (1996), டாரண்டினோவின் ‘கில் பில்’ முதல் பாகம் (2003) இரண்டிலும் அதன் சாயல் உண்டு. 1989இல் தொடங்கிய நவ் காமிக்ஸ் வரிசையில் முதல் வானொலி நடிகரின் நினைவாகக் கேட்டோவுக்கு ஹயாஷி என்ற பெயர் சேர்க்கப்பட்டது. அதே வரிசையில் பெண் கேட்டோ ஒருவரும் வந்தார்.

2011 திரைப்படத்தில் தைவான் பாடகர் ஜே சௌ கேட்டோவாக நடித்தார். இம்முறை ஊர் ஷாங்காய். 2020இல் அறிவிக்கப்பட்ட அடுத்த படத்தின் தலைப்பு ‘தி கிரீன் ஹார்னெட் அண்ட் கேட்டோ’.