பெயர் தங்காத தலைப்பு: தென்னகக் கட்டற்ற மென்பொருள் அமைப்புகளில் தலைமையும் துணையும்

போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. சோதனைச் சாவடிக்கு இப்புறம் தேனி மாவட்டம், அப்புறம் இடுக்கி. ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் ஜீப்புகள் கடக்கும் எல்லை இது. பேச்சு இருபுறமும் தமிழ்தான். பள்ளிக்கூடத்துக் கணினி மட்டும் வேறு. பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் குனு/லினக்ஸ். தகவல் தொழில்நுட்பப் பாடநூலைக் கேரள அரசு தமிழிலும் அச்சிடுகிறது. இப்புறம் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே கணினியில் சேர்ந்து வந்தன.

இந்த வேறுபாட்டுக்கு இரு மாநில ஆட்சிகளின் போக்கையே காரணமாகச் சொல்வது வழக்கம். அது பாதி விளக்கம். மீதிப் பாதி, கட்டற்ற மென்பொருள் அமைப்புகளை யார் நடத்தினார்கள், யார் தோள் கொடுத்தார்கள் என்பதில் இருக்கிறது. அதை ஆராய முற்படுவோர் எவரும் எரிக் ரேமண்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் 1998இல் எழுதிய ‘ஹோம்ஸ்டெடிங் த நூஸ்ஃபியர்’ என்ற கட்டுரை இன்றும் இத்துறையில் பாதி வேதம்.

ரேமண்டின் வாதம் இரண்டு தூண்களில் நிற்கிறது. முதலாவது நிலவுடைமை. ஒரு மென்பொருளுக்குத் தலைவராவது, ஜான் லாக் சொன்ன வகையில் நிலத்துக்கு உடையவராவதைப் போன்றது: ஆளில்லாத இடத்தை முதலில் திருத்தலாம், உடையவர் கையிலிருந்து பெறலாம், கைவிடப்பட்டதை எடுத்து நடத்தலாம். இரண்டாவது கொடைப் பண்பாடு. காசு இல்லாத இடத்தில் மதிப்புதான் கூலி. நிறையக் கொடுப்பவருக்குப் பெயர் கிடைக்கிறது. ஆகவே வரலாற்றுப் பட்டியலிலிருந்து ஒருவர் பெயரை அவர் இசைவின்றி நீக்குவதை இச்சமூகத்தின் மூன்று பெரிய விலக்குகளில் ஒன்றாக அவர் எண்ணுகிறார்.

அமெரிக்க நிரலாளர்களைப் பற்றிய கூர்மையான கவனிப்பு இது, அதை மறுக்கவில்லை. தென்னகத்துக்கு அப்படியே பொருத்துவதைத்தான் மறுக்கிறேன்.

நிலத்தை முதலில் பார்ப்போம். ‘ஆளில்லாத இடம்’ என்ற சொல்லை ஏலமலைக்காரர்கள் எளிதில் நம்பமாட்டார்கள். முதுவரும் மன்னானும் வாழ்ந்த காட்டைத்தான் தோட்டக்காரர்கள் ‘திருத்தினார்கள்’. ஏலமலைக் காப்புக்காடு பற்றிய 1897ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் அறிவிக்கையில் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. முன்னால் ஓர் ‘இரண்டு’ இருந்ததா என்பதில் ஒரு மலைத்தொடரின் உரிமை தொங்குகிறது. முதலில் திருத்தியவர் யார் என்று கேட்பதற்கு முன்பே யாரோ அங்கே இருந்திருக்கிறார்கள். தமிழ்க் கணிமையும் அப்படித்தான். 1990களில் புலம்பெயர்ந்த தமிழர் செய்த எழுத்துருக்கள், மடற்குழுக்களில் நடந்த குறியாக்க விவாதங்கள், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய நூல்களைத் தட்டச்சு செய்த கைகள்: இவற்றின் மேல்தான் தமிழ் லினக்ஸ் எழுந்தது. அதற்கு ஒரே ஒரு ‘முதல் குடியேறி’யைக் காட்ட முடியாது.

இனிப் பெயர். இங்கே என் சான்று மிகச் சிறியது: மொழிபெயர்ப்புக் கோப்பின் தலைப்புப் பகுதி. குனு கெட்டெக்ஸ்ட் 1995இல் வந்ததிலிருந்து ஒரு மென்பொருளின் திரைச்சொற்கள் ‘பிஓ’ கோப்பில் வரிவரியாக மொழிபெயர்க்கப்படுகின்றன. கோப்பின் உச்சியில் சில வரிகள் இருக்கும். மூலக்கோப்பு உருவான தேதி, திருத்திய தேதி, ‘லாஸ்ட் டிரான்ஸ்லேட்டர்’, மொழிக்குழு. மூன்றாவதைக் கவனியுங்கள். அதில் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம். ஆயிரம் வரிகளை ஒருவர் மொழிபெயர்த்திருப்பார். பின்னால் வந்தவர் ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்திச் சேமிப்பார். தலைப்பில் நிற்பது பின்னவர் பெயர். ரேமண்ட் விலக்கு என்று சொன்னதைக் கருவியே ஒவ்வொரு சேமிப்பிலும் செய்கிறது.

இதற்கு எதிர்ச்சான்றும் அதே கோப்பில் உண்டு. தலைப்புக்கு மேலே குறிப்பு வரிகளில் ‘ஃபர்ஸ்ட் ஆதர்’ என்ற அச்சுவார்ப்பு இருக்கிறது. முதல்வர் தம் பெயரையும் ஆண்டையும் நிரப்பலாம். நோம் கோப்புகளில் ‘டிரான்ஸ்லேட்டர் கிரெடிட்ஸ்’ என்றொரு சரம் உண்டு. அதில் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேரும். உபுண்டுவின் லாஞ்ச்பேட் வழியாக வந்த கோப்புகளில் அந்தத் தளமே பங்களித்தவர் பட்டியலைக் கீழே ஒட்டிவிடும். எனவே பெயர் அடியோடு அழிகிறது என்று சொல்வது மிகை. ஆனால் அச்சுவார்ப்பை நிரப்பாமல் விட்டால் ‘ஃபர்ஸ்ட் ஆதர், இயர்’ என்ற வெற்றுச் சொற்களே முதல்வரின் பெயராகவும் ஆண்டாகவும் நிற்கும். மதிப்பே கூலியென்றால் கூலி வாங்கும் இடத்தை ஒருவர் வெறுமையாக விட்டுப் போவாரா?

குனுவின் நடைமுறை இதைவிடக் கடுமையானது. பல குனு மென்பொருள்களுக்கு நிரல் எழுதுவோர் பதிப்புரிமையைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுக்கிறார்கள். குனு மொழிபெயர்ப்பாளர்களிடமிருந்து உரிமைத் துறப்புக் கடிதம் கேட்பதும் நெடுநாள் வழக்கம். உடைமையைத் துறந்த பிறகே உழைப்பு தொடங்குகிறது. ரேமண்டின் நிலக்கிழாருக்கு இங்கே வேலையில்லை. இருப்பது பொதுச்சொத்தைக் காக்கும் ஓர் அறங்காவல் அமைப்பு.

அந்த அமைப்பு தென்னகத்தில் வேர்விட்ட வரலாறும் இதற்கு ஒத்துப்போகிறது. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை 2001 ஜூலை 20 அன்று திருவனந்தபுரத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிவைத்தார். ஸ்டால்மன் வந்தார், இயக்கம் பிறந்தது என்று இதை எழுதிவிடுவது எளிது. ஆனால் களம் முன்பே உழப்பட்டிருந்தது. கணித அறிஞர் கே.எஸ்.எஸ். நம்பூதிரிபாடும் சி.வி. ராதாகிருஷ்ணனும் அங்கே டெக் அச்சுக்கோப்புப் பயனர்களை முன்னரே திரட்டியிருந்தார்கள். அறக்கட்டளைக்குத் தலைவராக இருந்த ஜி. நாகார்ஜுனா மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் ஆய்வாளர். பின்னர் கேரள அரசின் ஐசிஃபாஸ் நிறுவனத்துக்கு முதல் இயக்குநரான சதீஷ் பாபு, மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பில் பணியாற்றியவர். கணிதம், கல்வி, கூட்டுறவு ஆகிய துறைகளிலிருந்தே தலைமை வந்தது. துணை நின்றவர்கள் ஆசிரியர்கள். ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் ஒரே நிறுவனத்தின் மென்பொருளைப் பாடமாக்கியதைக் கேரளப் பள்ளி ஆசிரியர் சங்கம் எதிர்த்தது. பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு கட்டற்ற மென்பொருளுக்கு மாறும்வரை அந்த அழுத்தம் தளரவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு இணையான முயற்சி மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டில் நடந்தது. சி. உமாசங்கர் அதன் மேலாண் இயக்குநராக இருந்தபோது நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. துணிச்சலான முடிவு. ஆனால் கேரளத்தைப் போல அதன் பின்னால் ஓர் ஆசிரியர் சங்கம் திரளவில்லை. அவர் அங்கிருந்து மாற்றப்பட்ட பிறகு அந்த வேகம் நீடிக்கவில்லை. ஓர் அதிகாரி எடுக்கும் முடிவும் ஓர் அமைப்பு எடுக்கும் முடிவும் வெவ்வேறு ஆயுள் கொண்டவை என்று இதிலிருந்து முடிவுகட்ட ஒரே உதாரணம் போதாது. ஆயினும் எல்லைக்கு அப்புறத்து நிகழ்வு அந்தத் திசையைத்தான் காட்டுகிறது.

தமிழ்ப்பக்கத்தில் துணை வேறு வடிவில் வந்தது. 1998இல் தொடங்கிய சென்னை லினக்ஸ் பயனர் குழு மாதந்தோறும் கூடியது. உதகையில் இருந்தபடி உழைத்த கெனத் கொன்சால்வ்ஸ் பெயரில் இந்தியப் பைத்தான் அமைப்பு 2012இல் ஒரு விருதை நிறுவியது. அதே ஆண்டு த. சீனிவாசன் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் பின்னர் அறக்கட்டளையாக வளர்ந்தது. ஒரு விருதும் ஓர் இதழும் பெயரைக் காக்கின்றன. ரேமண்டுக்கு ஓரளவு இடம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான். மொழிபெயர்ப்பாளர்களுக்கு அப்படி எதுவும் நிறுவப்படவில்லை என்றே தோன்றுகிறது. அவர்கள் வேலை நின்றுவிடவும் இல்லை.

காலக்கணிப்பில் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. திரைச்சொற்களின் தமிழாக்கம் 2000ஐ ஒட்டித் தொடங்கியது என்பதற்கு மேல் நெருங்கிச் செல்லக் கோப்புத் தலைப்புகள் இடம்தருவதில்லை. திருத்தத் தேதியும் கடைசிப் பெயரைப் போலவே முந்தையதன் மேல் எழுதப்படுகிறது. பழைய வெளியீட்டுத் தொகுப்புகளில் உள்ள கோப்புகளை ஆண்டுவாரியாக ஒப்பிட்டால் சில பெயர்கள் மீளும். முதல் வெளியீட்டுக்கு முன்பே எழுதித் திருத்தப்பட்டவை அந்த வழியிலும் கிடைக்கமாட்டா.