கடைசிப் போர்வீரர் யார்?

நூறு வயதைக் கடந்த முதியவர் ஒருவர், தாம் இளமையில் ஒரு பெரும் போரில் பணிபுரிந்ததாகக் கூறினால், அதை ஐயுற எவருக்கும் மனம் வராது. முதுமைக்கு நாம் காட்டும் மரியாதை அத்தகையது. ஆனால் வரலாறு மரியாதையை அன்று, சான்றையே நம்பி நிற்பது. இவ்விரண்டும் முரண்பட்ட ஒரு நிகழ்ச்சியை அமெரிக்க உள்நாட்டுப் போரின் வரலாற்றிலே காண்கிறோம்.

1861 முதல் 1865 வரை நடந்த அப்போரில், வட மாநிலங்களும், அடிமை முறையைக் காக்கும் பொருட்டுப் பிரிந்து சென்ற தென் மாநிலங்களும் மோதின. அதில் பங்குகொண்டோர் எனப் பெயர் பெற்ற மிகச் சிலரே 1950-களில் எஞ்சியிருந்தனர். அவர்களுள் ஒருவர் டெக்ஸாஸ் மாநிலத்து வால்ட்டர் வில்லியம்ஸ். தாம் 1842-இல் பிறந்ததாகவும், தென்மாநிலப் படைக்குத் தீவனம் சேகரித்ததாகவும் அவர் கூறிவந்தார். 1959 டிசம்பரில் அவர் காலமானபோது, 117 வயதினர் என்றும் அப்போரின் கடைசி வீரர் என்றும் போற்றப்பட்டார். குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர், நாடு முழுவதும் துக்கம் அனுஷ்டிக்குமாறு அறிக்கை விடுத்தார்.

ஆயினும், அவ்வாண்டு செப்டம்பரிலேயே லோவெல் பிரிட்வெல் என்னும் பத்திரிகையாளர் பழைய ஏடுகளை ஆராய்ந்து, உண்மையை வெளியிட்டிருந்தார். வில்லியம்ஸின் போர்ப் பணிக்குப் பதிவு ஏதும் கிடைக்கவில்லை. 1860-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கிலோ அவர் வயது 5 என்றிருந்தது. அங்ஙனமாயின், போர் முடிந்தபோது அவர் பத்து வயதுச் சிறுவரே.

இவ்விரு சான்றுகளுள் எதை நம்புவது? கணக்கெடுப்பவர் வாயிலில் நின்று வினவுகையில், பிள்ளையின் வயதைக் கூட்டிச் சொல்வதால் வீட்டாருக்கு ஆதாயம் ஏதுமில்லை. வில்லியம்ஸ் போர்வீரருக்குரிய ஓய்வூதியம் கோரியதோ 1932-இல். பொருளாதார மந்தத்தால் அந்நாட்டிலே வறுமை சூழ்ந்திருந்த காலம். நிகழ்ச்சிக்கு அண்மையில், ஆதாயம் கருதாது எழுதப்பட்ட குறிப்பே வலிமை மிக்க சான்று. நம் பாட்டன்மார் தாது வருஷப் பஞ்சத்தைக் கொண்டு வயதைக் கணித்தார்கள். அக்கணக்கிலே சில ஆண்டுகள் முன்பின் ஆகலாம். ஆனால் ஐந்து வயதுக் குழந்தை பதினெட்டு வயது இளைஞன் ஆகிவிட முடியாது.

எனினும், வயதிலே பிழை கண்ட மாத்திரத்தில் ஒருவரைப் பொய்யர் எனத் தள்ளிவிடலாகாது. மின்னஸோட்டா மாநிலத்து ஆல்பர்ட் வுல்ஸன் 1956 ஆகஸ்டு 2-ஆம் நாள் காலமானபோது அவருக்கு 109 வயது என்றார்கள். அவர் பிறந்தது 1850-இல் என்பதைப் பழைய கணக்குகள் பின்னர்க் காட்டின. ஆகவே உண்மை வயது 106. ஆனால் 1864-இல் பீரங்கிப் படையில் முரசு கொட்டும் சிறுவராக அவர் சேர்ந்ததற்குத் திடமான பதிவு உண்டு. வயது வேறு, பணி வேறு. இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். அவ்வாறு சோதித்தபின், ஐயத்திற்கிடமின்றி அப்போரின் கடைசி வீரராக நிற்பவர் வுல்ஸனே.

1991-இல் வில்லியம் மார்வெல் என்னும் வரலாற்றாசிரியர், தென்மாநிலப் படையினர் எனக் கடைசியாக ஏற்கப்பட்டிருந்தவர்களின் வரலாற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். அவர் கண்ட முடிவின்படி, அப்படையின் மெய்யான கடைசி வீரர் அலபாமா மாநிலத்து பிளஸன்ட் கிரம்ப். 1951 டிசம்பர் 31-ஆம் நாள் மறைந்தவர். அன்று வேறு பலர் அப்பெயரைத் தாங்கி உயிரோடிருந்தமையால், மறைந்தவரே கடைசி வீரர் என்பதை எவரும் அறியவில்லை.

வறுமையால் பொய் சொன்ன ஒரு முதியவரிடம் நாம் இரக்கம் கொள்ளலாம். ஆயினும், ஆராயாமல் அளிக்கும் பெருமை அதற்கு உரியவரிடமிருந்து எடுத்து அளிக்கப்படுவதே ஆகும். பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்ப்பது முதியோரை அவமதிப்பதன்று. அவர்களுள் உண்மையானவருக்கு நாம் செலுத்தும் கடன்.