முறையும் விளையாட்டும்: புதுச்சேரி நகரத் திருமண வரவேற்பில் விருந்தினர் ஆட்டங்கள்

1. முன்னுரை

புதுச்சேரி நகரில் முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை நடக்கும் வரவேற்பின் ஒழுங்கு எல்லோரும் அறிந்ததே. வாசலில் பன்னீர், சந்தனம், கற்கண்டு. உள்ளே மெல்லிசைக் குழு. மேடைவரை நீளும் வரிசை. விருந்தினர் மொய் உறையைக் கொடுத்து, மணமக்களோடு படம் எடுத்துக்கொண்டு, பந்தியில் உண்டு, தாம்பூலப் பையோடு வெளியேறுகிறார். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒரே மண்டபத்தில் மாலை முழுதும் இருந்தும் ஒருவரையொருவர் அறியாமலே பிரிந்துபோவதுண்டு. இந்தக் குறையைப் போக்கத்தான் தொகுப்பாளர், ஹவுசி, மேடைப் போட்டி என்று பலவும் வந்து சேர்ந்தன. அவற்றுள் சில கலகலப்பூட்டுகின்றன. பல, கூட்டத்தை நெளிய வைக்கின்றன. இந்த வேறுபாடு எதனால் என்பதே இக்கட்டுரையின் வினா.

தமிழ்த் திருமணத்தில் விளையாடவும் கேலி செய்யவும் ஒருவருக்கு உரிமை தருவது உறவுமுறை. அந்த உரிமை இல்லாதவர் நடத்தும் ஆட்டம் சோர்ந்துபோகிறது, அல்லது புண்படுத்துகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால், மாகே, ஏனாம் ஆகியவை இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. நகரமே ஆய்வின் எல்லை.

2. வகைப்பாடு

ஆடுவோர் யார் என்பதைக் கொண்டு திருமண ஆட்டங்களை நான்காகப் பகுக்கலாம்.

அ) மணமக்கள் ஆட, மற்றவர் சூழ்ந்து நிற்பவை.
ஆ) முறைக்காரர் தமக்குள் ஆடுபவை.
இ) விருந்தினர் பொழுதுபோக்காக ஆடுபவை.
ஈ) விருந்தினர் பார்க்கவும் கேட்கவும் மட்டும் செய்பவை.

பழைய திருமணத்தில் முதல் மூன்றும் செழித்திருந்தன. இன்றைய வரவேற்பில் நான்காவதே மேலோங்கி நிற்கிறது.

3. மணமக்கள் ஆட்டங்கள்

இவ்வகையில் விரிவானது நலங்கு. மணமக்கள் எதிரெதிரே அமர்ந்து தேங்காய் உருட்டுவர். ஒருவர் தலைக்கு மேல் மற்றவர் அப்பளம் நொறுக்குவர். கண்ணாடி காட்டுவர், தலை வாருவர், பூப்பந்து எறிவர். பல சமூகங்களில் மஞ்சள் நீர்க் குடத்துக்குள் மோதிரத்தைப் போட்டு, இருவரும் ஒரே நேரத்தில் கைவிட்டுத் துழாவி எடுப்பது வழக்கம். இதை மூன்று முறை செய்வார்கள்.

முன்பின் பேசியறியாத இருவரைப் பலர் முன்னிலையில், நாணம் குலையாமல், தொட்டுப் பழகச் செய்வதற்கு இவற்றைவிட நயமான வழி அரிது. குடத்துக்குள் கைகள் சந்திப்பதை யாரும் பார்ப்பதில்லை. மோதிரம் யாருக்குக் கிடைத்தது என்பதை மட்டும் எல்லோரும் பார்க்கின்றனர். வெற்றி தோல்வி ஒரு சாக்குதான்.

சுற்றி நிற்போரும் வாளாவிருப்பதில்லை. பெண்ணுக்கு அவள் வீட்டார் குரல் கொடுப்பர். மாப்பிள்ளைக்கு அவன் அக்கா தங்கையர் துணை நிற்பர். மோதிரம் பெண்ணின் கைக்கு வந்துவிட்டால், இனி வீட்டில் யார் ஆட்சி என்ற பேச்சு அங்கேயே தொடங்கிவிடும். இவ்வாறு இருவர் ஆட்டம் இரு குடும்பங்களின் ஆட்டமாக விரிகிறது.

4. முறைக்காரர் ஆட்டங்கள்

கருதுகோளுக்கு நேரடிச் சான்று தருவது இரண்டாம் வகையே. திருமணம் முடிந்தபின் மஞ்சள் நீர் ஊற்றி விளையாடும் வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். மாமன், மச்சான், அத்தை மகள், கொழுந்தன் என்று கொண்டு கொடுக்கும் முறை உள்ளவர்மேல்தான் நீரை ஊற்றலாம். பங்காளி மேலோ பெரியப்பா மேலோ ஊற்றுவதில்லை. சம்பந்திகளை ஏசிப் பாடும் பெண்களின் பாட்டுக்கும் இதே வரம்பு உண்டு. எதிர்வீட்டாரின் கஞ்சத்தனத்தையும் சாப்பாட்டு ராமன்களையும் பாட்டில் வைத்து இழுப்பார்கள். பாடப்படுபவர் கோபித்துக்கொண்டால் பிழை அவருடையது.

மானிடவியல் இதை நன்கு ஆராய்ந்திருக்கிறது. ராட்கிளிஃப்-பிரவுன் 1940இல் எழுதிய கட்டுரையில், சில உறவினர் ஒருவரையொருவர் கேலி செய்யலாம், கேலிக்கு ஆளானவர் சினங்கொள்ளக் கூடாது என்ற விதி பல சமூகங்களில் இருப்பதைக் காட்டினார். மணத்தால் இணைந்த இரு கூட்டத்தாரிடையே நட்பும் உரசலும் ஒருங்கே இருப்பதால், அந்த உரசலைச் சிரிப்பாக்கிக் கழிக்கும் ஏற்பாடு அது என்பது அவர் விளக்கம். பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் பிறமலைக் கள்ளரைப் பற்றி 1957இல் வெளியிட்ட நூலும், தமிழ் உறவமைப்பில் மணவுறவு தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பிணைப்பு என்பதை நிறுவியது. பங்காளி, மாமன் மச்சான் என்ற இருபாகுபாட்டை அறிந்தவருக்கு மஞ்சள் நீர் யார் மேல் விழும் என்பதும் தெரியும்.

திருமணத்தில் பணிகளை உறவும் தகுதியும் பார்த்துப் பகிரும் வழக்கம் பழமையானது. அகநானூற்று 86ஆம் பாடல் காட்டும் மணத்தில், மகனைப் பெற்ற மகளிர் நால்வர் கூடி மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துகின்றனர். இன்றைய சடங்குகளிலும் தாலியில் நாத்தனார் முடிச்சு மாப்பிள்ளையின் சகோதரிக்கும், பொரி எடுத்துக் கொடுப்பது மைத்துனனுக்கும், மாலை தாய்மாமனுக்கும் உரியவை. விளையாட்டு இவ்வரிசையின் நீட்சியே.

5. விருந்தினர் தமக்குள் ஆடியவை

புதுச்சேரியின் தமிழர் பகுதி வீடுகள் தெருத் தாழ்வாரம், திண்ணை, முற்றம் என்ற அமைப்பில் கட்டப்பட்டவை; வைசியாள் வீதியில் இவ்வகை வீடுகளை இன்றும் காணலாம். வீட்டிலேயே திருமணம் நடந்த காலத்தில் ஒவ்வோர் இடமும் ஓர் ஆட்டக் களமாக இருந்தது. திண்ணையில் ஆண்களின் சீட்டாட்டம் விடியவிடிய நடக்கும். முற்றத்து ஓரத்தில் பெண்கள் பல்லாங்குழியும் தாயமும் ஆடுவர். தாழ்வாரத் தரையில் கரிக்கோடு போட்டால் ஆடுபுலிக்கு அதுவே போதும். புலி மூன்று, ஆடு பதினைந்து. பந்திக்கு அழைப்பு வந்தால் ஆட்டத்தை அப்படியே விட்டுப் போய், திரும்பி வந்து தொடர்வார்கள்.

மண்டபம் இந்த இடங்களை ஒரே கூடமாக்கிவிட்டது. நாற்காலிகள் எல்லாம் மேடையை நோக்கியே போடப்படுகின்றன. பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கவே கழுத்தைத் திருப்ப வேண்டும். பல நாள் திருமணம் ஒன்றரை நாளாகச் சுருங்கியதும் சேர்ந்துகொள்ள, மூன்றாம் வகை ஆட்டங்கள் இடமும் காலமும் இழந்தன.

6. புதுச்சேரியின் தனிநிலை

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவுக்கு மாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவேறியது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பங்களின் வழியினர் பலர் பிரான்சில் வாழ்கின்றனர். அங்கே பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில். ஆடியோ ஜூலை நடுவில் பிறந்து ஆகஸ்ட் நடுவரை நீள்கிறது. இந்துக் குடும்பங்கள் அம்மாதத்தில் மணம் வைப்பதில்லை. எனவே பிள்ளைகளோடு வர விரும்பும் உறவினருக்கு ஆனிக் கடைசியும் ஆவணித் தொடக்கமும் மட்டுமே வாய்க்கின்றன. சம்பா கோயில், கப்ஸ் கோயில், திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா ஆகியவற்றில் மணமுடிக்கும் கத்தோலிக்கருக்கு ஆடித் தடையில்லை. அவர்கள் தவிர்ப்பது தவக்காலத்தை.

இப்படி வரும் இளையோர் பலருக்கு உறவினரின் பெயர் தெரியும், முறை தெரியாது. சித்தப்பாவும் மாமாவும் அவர்களுக்குப் பிரெஞ்சில் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். முறை தெரியாதபோது யாரிடம் உரிமையோடு சிரிக்கலாம் என்பதும் தெரிவதில்லை. ஆகவே அவர்கள் கைப்பேசிக்குள் ஒதுங்குவதில் வியப்பில்லை.

பிரெஞ்சு மரபும் சில வழிகளைக் காட்டுகிறது. அங்கே மணச் சடங்குக்கும் இரவு விருந்துக்கும் இடையில் ‘வேன் தொனேர்’ என்ற பானவிருந்து உண்டு. வந்தவர் கையில் கோப்பையோடு நடமாடிப் பேசுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட பொழுது அது. நம் வரவேற்பில் இல்லாதது இப்படிப்பட்ட பொழுதுதான்.

இன்னொன்று பெத்தாங்க். தென் பிரான்சின் லா சியோத்தா ஊரில் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் உருவான இவ்வாட்டம் புதுச்சேரியில் வேரூன்றி, இன்றும் மன்றங்களில் ஆடப்படுகிறது. கால்களை ஊன்றி நின்று, 6 முதல் 10 மீட்டர் தொலைவில் கிடக்கும் சிறு மரக்குண்டுக்கு அருகே இரும்புக் குண்டுகளை வீச வேண்டும். 13 புள்ளி முதலில் எடுத்தவர் வென்றவர். ஓட வேண்டியதில்லை, உடல் வலிமையும் வேண்டாம். தாத்தாவும் பேத்தியும் ஒரே அணியில் நிற்கலாம். பட்டுச் சேலையும் வேட்டியும் தடையாவதில்லை.

7. புதிய ஆட்டங்களின் மதிப்பீடு

விருந்தினர் ஆட்டத்துக்கு நான்கு அளவுகோல்களை வைக்கலாம்: எவ்வயதினரும் ஆட முடிய வேண்டும், இடையில் சேரவும் விலகவும் இடம் வேண்டும், தோற்றவர் நாணக் கூடாது, இரு வீட்டாரும் கலக்க வேண்டும்.

ஹவுசி: 90 எண்கள், சீட்டு ஒன்றில் 15. முதல், மூன்றாம் அளவுகோல்களில் தேறுகிறது. ஆனால் ஒவ்வொருவரும் தம் சீட்டையே பார்த்திருப்பதால் கலப்பு நிகழ்வதில்லை.

மாப்பிள்ளையின் செருப்பை ஒளித்தல்: வடநாட்டு வழக்கம், 1994இல் வந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கௌன்’ படம் இதைத் தெற்கிலும் பரவலாக அறியச் செய்தது. கொழுந்தியாள் முறையினர் செய்யும்போது இனிக்கிறது, ஏனெனில் இதன் அடியிலும் முறைதான் இருக்கிறது.

மணமக்கள் செருப்பை உயர்த்திப் பதில் சொல்லும் வினா விளையாட்டு: சிரிப்பு வரும், ஆனால் மங்கல மேடையில் செருப்பைத் தூக்குவதை மூத்தோர் ஏற்பதில்லை. படம் ஒட்டிய அட்டையைக் கையில் கொடுத்தால் ஆட்டம் கெடாது.

தொகுப்பாளரின் கேலி: நான்கு அளவுகோலிலும் தளர்கிறது. மாப்பிள்ளையின் நிறத்தையோ பெண்ணின் எடையையோ மச்சான் சொன்னால் பதிலடி உண்டு, கணக்கு நேராகிவிடும். கூலிக்கு வந்தவர் ஒலிவாங்கியில் சொன்னால் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

8. மறுப்பும் விடையும்

முறையை இவ்வளவு போற்றலாமா என்ற கேள்வி நியாயமானது. நலங்கும் மஞ்சள் நீரும் கைம்பெண்களை ஒதுக்கியே நடந்தன. அலுவலக நண்பர், வேறு சாதித் தோழி, அயல்வீட்டார் ஆகியோருக்கு அவற்றில் இடமில்லை. பாரதிதாசனின் ஊரான இந்நகரில் சுயமரியாதைத் திருமணங்களும் நடந்தன. அங்கே சடங்கின் இடத்தை வாழ்த்துரை பிடித்தது. எல்லோரும் சமமாக அமர முடிந்தது பெரிய பேறு. ஆனால் அமர்ந்தவர் மீண்டும் கேட்போராகவே இருந்தனர்.

ஆகவே தேவைப்படுவது, முறையின் உரிமையை வைத்துக்கொண்டு அதன் விலக்கை நீக்குவது. நண்பருக்கும் அன்று ஒரு முறை கொடுத்துவிடலாம். பெண்ணின் தோழனை மாப்பிள்ளை ‘மச்சான்’ என்று அழைத்த கணமே அவருக்குக் கேலி உரிமை வந்துவிடுகிறது. இளைஞர் இதை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

9. பரிந்துரைகள்

அ) மேடை வரிசைக்கு டோக்கன் கொடுக்கலாம். நிற்கும் நேரம் ஆடும் நேரமாக மாறும்.

ஆ) பன்னீர் மேசையிலேயே ‘முறைச் சீட்டு’ வழங்கலாம். கட்டம் 16: பெண்ணின் தாய்மாமன், மாப்பிள்ளையின் அத்தை மகள், பெண்ணோடு படித்தவர், பாரிசிலிருந்து வந்தவர் என்று. தேடிப்போய்ப் பேசிக் கையெழுத்து வாங்க வேண்டும். தமிழிலும் பிரெஞ்சிலும் அச்சிடுவது நன்று.

இ) கூடத்தின் ஒரு பக்கம் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, தாயமும் பல்லாங்குழியும் வைக்கலாம். முதியோர் ஆசிரியராகட்டும்.

ஈ) கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகள் போன்ற திறந்த வெளிகளில் பெத்தாங்க் நடத்தலாம். அணிக்கு மூவர், இரு வீட்டாரும் கலந்து. 13க்குப் பதில் 7 புள்ளி போதும். போட்டிக் குண்டு 650 முதல் 800 கிராம் எடையுள்ளது. ஆகவே மண்தரை வேண்டும், சிறுவருக்கு பிளாஸ்டிக் குண்டு தர வேண்டும்.

உ) கேலியை முறைக்காரரிடமே விடலாம். வரதட்சணை, நிறம், உடல், பிள்ளைப்பேறு ஆகியவை மேடைக்கு வேண்டாம்.

ஊ) ஆட்டம் நடக்கும்போது இசையின் ஒலியைக் குறைக்க வேண்டும்.

10. முடிவுரை

நலங்கு, மஞ்சள் நீர், திண்ணைச் சீட்டு ஆகிய மூன்றும் வெவ்வேறு வழிகளில் ஒரே வேலையைச் செய்தன: அயலாரை உறவினராக்கின. இன்றைய வரவேற்பில் விளையாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆடுவோருக்கு உரிமையும் இடமும் பொழுதும் இல்லை என்பதே குறை. இம்மூன்றையும் தர அதிகச் செலவாகாது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டப் போகும் பெற்றோர், மெல்லிசைக் குழுவை அமர்த்துமுன் குடும்பத்தின் மச்சான்களையும் அத்தைகளையும் கூட்டி, அந்த மாலையை நடத்தும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.