கார் பேட்டரி போதுமா? வேனுக்கும் படகுக்கும் ஏற்ற 'டீப் சைக்கிள்' பேட்டரி

சிம்பாங் பூலாய்: வேனில் படுக்கையும் சிறு குளிர்பெட்டியும் பொருத்திக்கொண்டு சிம்பாங் பூலாய் சாலை வழியாகக் குடும்பத்தோடு கேமரன் மலைக்கு ஏறுவோர் உண்டு. லூமுட் கடலிலும் தெமெங்கோர் ஏரியிலும் சிறு படகில் தூண்டில் போடுவோர் உண்டு. பாசார் மாலாமில் விளக்கு கட்டிக் கடை போடுவோரும் நம்மிடையே பலர். இவர்கள் எல்லாருக்கும் பொதுவான தேவை ஒன்று: இயந்திரம் ஓடாத நேரத்தில் மின்சாரம்.

பட்டறையில் கிடக்கும் கார் பேட்டரியையே இதற்கும் மாட்டிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சில மாதங்களில் அது செத்துப்போகும். போட்ட பணமும் வீணாகும். நடு ஏரியில் அது நின்றுவிட்டால் பணத்தைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

கார் பேட்டரியின் வேலை, சாவியைத் திருப்பும் சில வினாடிகளுக்குப் பெரும் மின்னோட்டத்தைக் கொடுப்பது. அதற்காக அதன் ஈயத் தட்டுகள் மெல்லியதாக, எண்ணிக்கையில் அதிகமாக இருக்கும். டீப் சைக்கிள் பேட்டரியின் தட்டுகள் தடிமனானவை. பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, மறுபடி சார்ஜ் ஏறி, மீண்டும் கொடுக்கவே அது செய்யப்படுகிறது. மெல்லிய தட்டுகளை அடிக்கடி ஆழமாக வடியவிட்டால் அவற்றின் மேல்பூச்சு உதிர்ந்துவிடும்.

வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். 'சிசிஏ' என்ற அளவை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் அது ஸ்டார்ட் செய்வதற்கான பேட்டரி. நமக்கு வேண்டியது 'ஏஎச்', அதாவது ஆம்பியர் மணி. 100 ஏஎச் என்றால் பொதுவாக 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் கொடுக்கும் என்று பொருள். வேகமாக இழுத்தால் அந்த அளவு கிடைக்காது.

எவ்வளவு பெரியது வேண்டும்?

கடைக்காரரிடம் போகுமுன் வீட்டிலேயே கணக்குப் போடலாம். வேனில் ஓர் இரவுக்கு:

விளக்குகள்: 20 வாட், 5 மணி நேரம் = 100
மின்விசிறி: 20 வாட், 8 மணி நேரம் = 160
குளிர்பெட்டி: 45 வாட், 12 மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினால் = 270
கைப்பேசிகள் = 30

மொத்தம் 560 வாட் மணி. 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 47 ஏஎச். ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே வடியவிடக்கூடாது என்பதால் இதை இரட்டிப்பாக்க வேண்டும். ஆக 100 ஏஎச் பேட்டரி ஓர் இரவுக்குத்தான் சரியாக இருக்கும்.

படகில் கணக்கு இன்னும் கடுமை. 30 ஆம்பியர் இழுக்கும் மின் மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டினால், 100 ஏஎச் ஈய பேட்டரி ஒன்றரை மணி நேரத்திலேயே பாதிக்கு வந்துவிடும். போவதற்கு ஆன அளவு திரும்பி வருவதற்கும் வேண்டும். துடுப்பு கையில் இருக்கட்டும். இயந்திரத்தை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியைத் தனியே வைத்து, விளக்குக்கும் மோட்டாருக்கும் வேறொன்றைப் பயன்படுத்துங்கள்.

எந்த வகை?

தண்ணீர் ஊற்றும் ஈய பேட்டரி விலை குறைவு, கவனிப்பு அதிகம். 'ஏஜிஎம்' மூடிய வகை. தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, அமிலம் சிந்தாது, ஆடும் படகுக்கு நல்லது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை 80 விழுக்காடு வரை பயன்படுத்தலாம். ஈய வகையின் எடையில் பாதிகூட இராது. ஈய வகை சில நூறு சுற்றுகள் தாங்கினால், நல்ல லித்தியம் 2,000 சுற்றுகளுக்கு மேல் தாங்கும். விலை அதிகம், அதற்கேற்ற சார்ஜரும் வேண்டும். வேனின் ஆல்டர்னேட்டரில் நேரடியாக இணைக்காமல், இடையில் 'டிசி-டிசி' சார்ஜர் வையுங்கள். மாதம் ஒருமுறை மட்டும் பயணம் போகிறவருக்கு ஈய வகையே போதும்.

பராமரிப்பு

பயணம் முடிந்து வந்த அன்றே சார்ஜ் போடுங்கள். வடிந்த நிலையில் கிடக்கும் ஈய பேட்டரியின் தட்டுகளில் சல்பேட் படிகம் இறுகிவிடும். பிறகு சார்ஜ் ஏறாது. பயன்படுத்தாத நாட்களிலும் மாதம் ஒருமுறை சார்ஜ் செய்யுங்கள்.

எந்தச் சாதனமும் ஓடாமல் சில மணி நேரம் விட்டு மீட்டரில் பாருங்கள். 12.7 வோல்ட் நிறைவு, 12.2 பாதி, 11.9 என்றால் கிட்டத்தட்ட காலி. இது ஈய வகைக்கான அளவு. லித்தியத்தில் வோல்ட் கடைசிவரை அதிகம் இறங்காது என்பதால் தனி மானிட்டர் தேவை.

தண்ணீர் ஊற்றும் வகையில் காய்ச்சி வடித்த நீரை மட்டும், சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுங்கள். தட்டுகள் வெளியே தெரிந்தால் மட்டும் அவை மூழ்கும் அளவு முன்பே ஊற்றலாம். குழாய்த் தண்ணீரோ அமிலமோ வேண்டாம்.

வெப்பமும் எதிரி. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. ஈப்போ வெயிலில் பூட்டி நிறுத்திய வேனுக்குள் பேட்டரியை அடைத்து வைக்காதீர்கள்.

பாதுகாப்பு

சார்ஜ் ஆகும் ஈய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். காற்றில் அது 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பொறியில் வெடிக்கலாம். பிள்ளைகள் தூங்கும் வேனுக்குள் அதைச் சார்ஜ் செய்ய வேண்டாம். அருகில் சிகரெட்டும் அடுப்பும் கூடாது. நேர்முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் வையுங்கள். படகில் பெட்டிக்குள் வைத்து வாரால் கட்டுங்கள். கடல்நீர் அமிலத்தில் கலந்தால் நச்சான குளோரின் வாயு உண்டாகும்.

செத்த பேட்டரியை வீட்டுக்குப் பின்னால் போடாதீர்கள். அமிலத்தைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி நம் நாட்டில் கழித்த ஈய பேட்டரி எஸ்டபிள்யூ 102 எனப் பட்டியலிடப்பட்ட அபாயக் கழிவு. ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள். பல கடைகளில் விலையில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள்.

கடைக்குப் போகும்போது கணக்கு எழுதிய தாளைக் கையில் கொண்டு போங்கள். என்ன வேண்டும் என்று தெரிந்து கேட்பவருக்குத் தவறான பேட்டரியை விற்பது கடினம்.