மாதிரி அளவு நிர்ணயம்: விகிதங்களின் ஒப்பீடு

ஒன்றையொன்று சாராத குழுக்களில் ஒரு நிகழ்வின் விகிதம் வேறுபடுகிறதா என்று அறிய, குழுவுக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே கணக்கிடும் புள்ளியியல் முறை.

1900-இல் கார்ல் பியர்சன் தந்த கை-வர்க்கச் சோதனை, கையிலிருக்கும் தரவில் தெரியும் வேறுபாடு தற்செயலா என்று பார்க்க உதவியது. எவ்வளவு தரவு திரட்ட வேண்டும் என்பதற்கு அதில் விடை இல்லை. அந்த விடைக்கு வழி திறந்தவர்கள் யெர்சி நெய்மனும் கார்லின் மகன் ஈகான் பியர்சனும். இல்லாத வேறுபாட்டை உண்டு என்பது முதல்வகைப் பிழை, இருப்பதைத் தவறவிடுவது இரண்டாம் வகைப் பிழை என்று 1928-க்கும் 1933-க்கும் இடையே எழுதிய கட்டுரைகளில் அவர்கள் பிரித்துக் காட்டினர்.

முதல் பிழைக்கு 5%, இரண்டாவதற்கு 20% என்று வரம்பு வைப்போம். பழைய மருந்தில் 50% பேர் குணமாக, புதியதில் 60% பேர் குணமாவதைக் கண்டறியக் குழுவுக்கு 388 பேர் போதும். புதியதில் 55% என்றால் 1,565 பேர் வேண்டும். வேறுபாடு பாதியானால் தேவை நான்கு மடங்கு. குழுக்கள் மூன்றாகி, ஒவ்வொரு இணையையும் ஒப்பிட 5% வரம்பை மூன்றாகப் பங்கிட்டால் 388 என்பது 517 ஆகிறது.

அரிய நோய்களில் கணக்கு இன்னும் கடுமை. 1954-இல் அமெரிக்காவில் சால்க் போலியோ தடுப்பூசி சோதிக்கப்பட்டபோது, நோய் இலட்சம் பேரில் ஏறத்தாழ 50 பேருக்கே வரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. தடுப்பூசி அதைப் பாதியாக்குவதாகக் கொண்டாலும், மேற்சொன்ன வரம்புகளில் குழுவுக்கு 94,000 குழந்தைகளுக்கு மேல் தேவை. மருந்தில்லா ஊசியோடு ஒப்பிட்ட பகுதியில் ஒவ்வொரு குழுவிலும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் இருந்தனர். இலட்சத்துக்கு 28 எதிர் 71 என்ற தெளிவான முடிவு கிடைத்தது அந்தப் பெருந்தொகையால்தான்.

1969-இல் ஜேக்கப் கோஹனின் நூலும், 1973-இல் விகிதங்களுக்கென்றே ஜோசப் ஃப்ளைஸ் எழுதிய நூலும் இக்கணக்கை ஆய்வாளர்களின் மேசைக்குக் கொண்டுவந்தன. ஆனாலும் பழக்கம் எளிதில் மாறவில்லை. 1978-இல் ஃப்ரைமன் குழுவினர், பயனில்லை என்று முடிந்த 71 மருத்துவச் சோதனைகளை ஆராய்ந்தனர். அவற்றில் 67, 25% முன்னேற்றம் உண்மையில் இருந்தாலும் அதைத் தவறவிடும் வாய்ப்பு 10%-ஐத் தாண்டும் அளவுக்குச் சிறியவை. நோயாளிகள் தம் உடலை ஒப்படைத்த ஆய்வுகள் அவை. இந்த அலட்சியம் பொறுக்கத்தக்கதல்ல. மருத்துவச் சோதனைகளைப் பற்றி எப்படி எழுதுவது என்பதற்காக 1996-இல் வெளியான கன்சார்ட் நெறிமுறை, ஆள்கணக்கை எப்படி நிர்ணயித்தார்கள் என்பதைக் கட்டுரையிலேயே எழுதச் சொன்னது.