புளியந்தீவுப் பேராலயம்



மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவுக்கும் ஸ்பெயின் தேசத்துக்கும் என்ன உறவு என்று நீங்கள் வியக்கலாம். உறவு உண்டு. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல்லின் முடியும் ஸ்பெயினின் முடியும் ஒரே தலைமீது இருந்தன. 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிலே கோட்டை அமைத்தபோது அவர்களை ஆண்டவன் ஸ்பெயின் மன்னன் நான்காம் பிலிப்பு.

அம்மன்னனது செவில் நகரத்திலே மாபெரும் பேராலயம் ஒன்றுண்டு. 1401இல் கட்டத் தீர்மானித்து 1506இல் நிறைவேற்றினர். அவ்விடத்திலே முன்னர் நின்ற பள்ளிவாசலின் கோபுரமே அதன் மணிக்கோபுரமாயிற்று. வென்றவர் எழுப்பிய கோயில் அது. பொன்னுக்கும் படைக்கும் அங்கே குறைவில்லை.

புளியந்தீவில் நடந்ததோ வேறு. கோட்டை எழுந்து 10 ஆண்டுகளே சென்றன. 1638 மே மாதத்தில் ஒல்லாந்தர், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு கூடி அதனைக் கைப்பற்றினர். கத்தோலிக்க மறை அரசின் துணையை இழந்தது. இழந்தது மட்டுமன்று, கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் அளிப்போருக்கு மரண தண்டனை என 1658இல் ஒல்லாந்தர் கட்டளையிட்டனர். அந்நாளில் ஒரு குருவை வீட்டில் ஏற்றுச் சோறிட்டவன் தன் உயிரைப் பணயம் வைத்தே இட்டான்.

இருந்தும் அம்மறை அழியவில்லை. அதனைக் காத்தவர் ஐரோப்பியர் அல்லர் என்பதை நம்மவர் பலர் நினைப்பதில்லை. 1687இல் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்த யோசேப்பு வாஸ் அடிகளும், பின்வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளும் கோவாவிலே பிறந்த இந்தியர். பின்னவர் தமிழும் சிங்களமும் கற்று இருமொழியிலும் நூல் இயற்றினார். கத்தோலிக்கர்மீதிருந்த சட்டத் தடைகளை ஆங்கிலேயர் நீக்கியது 1806இலேதான்.

பேராலயம் என்பது பெரிய கோயிலுக்கு இட்ட பெயரன்று. ஆயரின் இருக்கை எங்குளதோ அதுவே பேராலயம். 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் தோன்றிற்று. 1967இல் அது திருகோணமலை-மட்டக்களப்பு மறைமாவட்டமாகப் பெயர் பெற்றது. புளியந்தீவின் புனித மரியாள் ஆலயம் நெடுங்காலம் இணைப்பேராலயமாகவே இருந்தது.

அவ்வாலயத்தில் 2005ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார்; அவர் துணைவியாரும் காயமுற்றார். ஒல்லாந்தர் காலத்துக் கட்டளைக்கு அஞ்சாத மக்களின் வழிவந்தோர் அன்று தம் கோயிலினுள்ளேயே அஞ்சி நின்றனர். மட்டக்களப்பார் அவ்விரவை இன்னும் மறந்திலர். ஆயினும் வழிபாடு நின்றுவிடவில்லை.

2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமாயிற்று. யோசேப்பு பொன்னையா ஆண்டகை அதன் முதல் ஆயரானார். மரியாள் ஆலயமும் முழுப் பேராலயமாயிற்று. வாவிக்கரைக் கோட்டையை இன்றும் மக்கள் கண்டுகளிக்க வருகின்றனர். பறங்கியருள் முதியோர் சிலர் மட்டும் பழைய போர்த்துக்கேயக் கிளைமொழியை இன்றும் தம் வீட்டில் பேசுகின்றனர்.