உரையில் உயிர்தங்கிய வாள்

14ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் நாடுகளில் வாழ்ந்த யோஹன்னஸ் லீக்டெனாவர் என்ற ஆசான், இரு கைகளால் வீசும் நெடுவாளின் வித்தையைச் செய்யுளாகச் சொல்லிவைத்தார். வித்தை கண்டவர் கைக்கும் போய்விடக்கூடாது என்று அந்த அடிகள் வேண்டுமென்றே பூடகமாக அமைக்கப்பட்டன. அவை மட்டும் எஞ்சியிருந்தால் இன்று எவருக்கும் விளங்கியிராது. 15ஆம் நூற்றாண்டில் எழுந்த உரைகளே பொருளைக் காத்தன. சிக்மண்ட் ரிங்கெக்கின் பெயரில் வழங்கும் உரையும், ரோமில் உள்ள 1452ஆம் ஆண்டுச் சுவடியும் அவற்றுள் முதன்மையானவை.

உரைகள் திரும்பத் திரும்ப வலியுறுத்துவது 'ஃபூலன்', அதாவது உணர்தல். சினவெட்டு எனப் பொருள்படும் 'சோர்ன்ஹவ்' மேலிருந்து சாய்வாக இறங்கும். இரு வாள்களும் மோதி நிற்கும் கணத்தில் எதிராளியின் பிடி இறுக்கமா, தளர்வா என்பதை இரும்பின் வழியே கை அறிய வேண்டும். தளர்ந்திருந்தால் முனை நேரே முகத்துக்குப் பாயும். இறுகியிருந்தால் வாளை மேலே எடுத்து மறுபக்கம் வெட்ட வேண்டும். முரட்டு வலிமையால் வெல்லும் கலை என்ற பரவலான எண்ணம் எவ்வளவு தவறு என்பதற்கு இந்த ஒரு பாடமே போதும்.

பிராங்க்பர்ட்டை மையமாகக் கொண்ட 'மார்க்ஸ்புரூடர்' என்ற வாள்வீரர் சங்கம் 1487இல் பேரரசர் மூன்றாம் பிரெடெரிக்கிடம் உரிமைப் பட்டயம் பெற்றது. ஆனால் யோவாகிம் மேயர் 1570இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் அச்சிட்ட நூலிலேயே நெடுவாளின் குத்து ஏறத்தாழ ஒதுக்கப்பட்டுவிட்டது, அது விளையாட்டாகிக்கொண்டிருந்தது. துப்பாக்கியும் இத்தாலிய மெல்வாளும் பரவியபின் நெடுவாள் வழக்கொழிந்தது. ஆசான்–மாணவன் தொடர்ச்சி அறுந்தது, அதுதான் பேரிழப்பு.

சுவடிகள் மட்டும் நூலகங்களில் கிடந்தன. ஹான்ஸ் தால்ஹோஃபரின் 1467ஆம் ஆண்டுப் படச்சுவடியை குஸ்தாவ் ஹெர்க்செல் 1887இல் பதிப்பித்தார். மார்ட்டின் வியர்ஷின் 1965இல் லீக்டெனாவர் மரபின் சுவடிகளை ஆராய்ந்து நூலாக்கினார். வாளெடுத்துப் பழகும் குழுக்கள் 1990களில்தான் பல நாடுகளிலும் பெருகின.

அவர்களின் வேலை உரையாசிரியருடையது போன்றதே. ஓர் அடியைப் படித்து, ஒருவரோடொருவர் செய்துபார்த்து, உடல் ஒப்பாதபோது மறுபடியும் சுவடிக்குத் திரும்புகிறார்கள். வளைவெட்டான 'க்ரும்ப்ஹவ்' எதிராளியின் கையில் விழுவதா, வாளில் விழுவதா என்றால், இரண்டுக்கும் உரையில் இடமுண்டு. கால் எங்கே வைப்பது என்பதில்தான் குழுவுக்குக் குழு வேறுபாடு. பயிற்சிக்கு 'ஃபெடர்' என்னும் மழுங்கிய வாள் பயன்படுகிறது. கைப்பிடியருகே அகன்று, முனைநோக்கி ஒடுங்கி வளையும் அதன் வடிவம் பழைய படங்களில் காணப்படுவதே.